ஒரு மீட்டர், ஐந்து குடித்தனம்

மின்சாரத் துறையில் இருப்பவர்களிடம் சமயநல்லூர் என்றால், 2001-ல் ஓடத் தொடங்கிய 106 மெகாவாட் தனியார் மின்நிலையத்தைத்தான் சொல்வார்கள். எண்ணெயில் ஓடிய நிலையம். அந்தக் கரண்டை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுகளில் அச்சாகி, யாரும் படிக்கும்படி இருந்தது. அதே ஊரில் ஒரு வளவுக்குள் ஐந்து குடித்தனங்கள் யூனிட்டுக்கு என்ன கொடுத்தன என்பது எந்த ஏட்டிலும் இல்லை. 2019-ல் என்னிடம் வந்த வழக்கு அதைப் பற்றியது.

வாதி சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா. வளவு முழுவதற்கும் வீட்டுக்காரர் பேரில் ஒரே இணைப்பு. குடித்தனத்துக்கு ஒரு சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய். பில்லைக் காட்டச் சொன்னார், காட்டவில்லை, பணத்தை நிறுத்தினார். வீட்டுக்காரர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். "நூறு யூனிட்டு இனாம்னு சொல்றாக, எங்களுக்கு மட்டும் அது எங்கய்யா போச்சு?" என்று அந்த அம்மா கேட்டதற்குக் கட்டண அட்டவணையில்தான் பதில் இருந்தது.

2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் சலுகை இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. அப்போதைய கட்டணப்படி 110 யூனிட் செலவழிக்கும் குடும்பம் தனி இணைப்பு வைத்திருந்தால் நிலைக்கட்டணம் உட்பட 35 ரூபாய் கட்டும். ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து 175. அதே ஐந்தும் ஒரு மீட்டரில் 550 யூனிட்டாகச் சேர்ந்தால் 500-ஐத் தாண்டியவர்களுக்கான விகிதம் வந்துவிடும். இலவசமும் ஒரே ஒரு நூறுதான். பில் 2,110 ரூபாய். சப் மீட்டர் வழியாக வீட்டுக்காரர் வசூலித்ததோ 4,400.

தனி இணைப்பு வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், முறைப்படி குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டி, உறுதிப்பத்திரம் எழுதி, இருமடங்கு வைப்புத்தொகை கட்டினால் இணைப்பு பெறலாம் என்று விநியோக விதித்தொகுப்பிலேயே வழி இருக்கிறது. வாய்ப்பேச்சில் வாடகைக்கு வந்தவர்களிடம் ஆதாரம் ஏது? 2013-ல் திருவண்ணாமலை மாவட்டப் புறம்போக்கில் குடியிருந்தவர்களின் வழக்கில், மின்சாரம் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். மணிக்குமார் தீர்ப்பளித்திருந்தார். வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 மே மாதத்தில். எங்களுக்கு அது பிந்தி வந்த தீர்ப்பு.

பொது மீட்டரின் ரீடிங்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். கேட்டது மூன்றாம் நபரின் கணக்கு என்றால், தகவல் அலுவலர் ஐந்து நாளுக்குள் அவருக்குத் தெரிவித்து, ஆட்சேபிக்கப் பத்து நாள் தர வேண்டும். வீட்டுக்காரர் ஆட்சேபித்தார், மனு தள்ளுபடியானது. சட்டப்படி அது தவறென்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டின் கரண்ட் செலவைப் பார்த்தால் ஆள் இருக்கிறாரா, ஊருக்குப் போயிருக்கிறாரா என்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இங்கே அந்தரங்கம் யாருடையது? யூனிட்டைச் செலவழித்தவர்கள் உள்ளே இருந்தார்கள். ஆட்சேபித்தவர் அங்கே குடியிருக்கவே இல்லை.

ஆட்சேபணைக் கடிதமே எனக்குச் சாட்சியாயிற்று. உள்ளபடி வசூலிக்கிறவர் பில்லை ஏன் மறைக்க வேண்டும்? மதுரை முன்சீப் கோர்ட்டில், கரண்டைத் திரும்பக் கொடுக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை கேட்டதோடு, ரீடிங் கணக்கை வரவழைக்கவும் மனுப் போட்டேன். உரிமம் இல்லாமல் யாரும் மின்சாரம் வியாபாரம் செய்யக்கூடாது என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கரண்ட் காசும் வாடகையின் பகுதிதான் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், சாமர்த்தியமான வாதம். கணக்கு வந்ததும் அது நிற்கவில்லை. இணைப்பைக் கொடுக்க வேண்டும், வழக்கு முடியும்வரை பில் தொகையைச் சப் மீட்டர்படி பங்கிட்டுக் கட்டினால் போதும் என்று உத்தரவாயிற்று. தலைக்கு 422 ரூபாய். முப்பத்தைந்து ரூபாய்க்கு இறக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை.

இப்போதும் என்னை உறுத்துவது வேறொன்று. ஆணையம் வெளியிடும் அட்டவணைகளில் எந்தப் படியில் எத்தனை இணைப்பு, எவ்வளவு யூனிட் என்று இருக்கும். அதில் அந்த வளவு, 500 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் ஒரு வசதியான வீடு. படிக்கிற அதிகாரிக்கு ஐந்து ஏழைக் குடும்பம் தெரியாது, பணக்காரர் ஒருவர்தான் தெரிவார். இங்கிலாந்தில் ஒரு வீட்டின் எரிசக்தித் தரச் சான்றிதழை முகவரி தெரிந்த எவரும் இணையத்தில் பார்க்கலாம். விலக்குகள் போக, ‘ஈ’ தரத்துக்குக் கீழான வீட்டை 2018 ஏப்ரல் முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. மின்செலவைத் தனி வீடாகக் காட்டாமல் அஞ்சல் குறியீடு வாரியாகச் சராசரி போட்டு வெளியிடுகிறார்கள். எரிபொருள் வறுமையில் உள்ள குடும்பங்களின் கணக்கும் சிறு சிறு பகுதியாக வருகிறது. அந்தரங்கத்தையும் காத்து, கணக்கையும் திறந்து வைக்க முடியும்.

நாங்கள் ஜெயித்ததன் பலன், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி முறைப்படி நோட்டீஸ் விட்டார். ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். இரண்டு குடும்பங்கள் அப்போதே கிளம்பிவிட்டன.

கட்டண உத்தரவுக்கு முன் பொதுமக்களின் கருத்தை ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு. அதற்கு வக்கீல் வேண்டாம், ஒரு கடிதம் போதும். வளவில் குடியிருப்பவர்கள், ஒவ்வொரு மீட்டருக்கும் பின்னால் எத்தனை குடித்தனம் என்ற கணக்கையும் எடுத்து அட்டவணையில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.