பன்னிரண்டு நாள் கூலி

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்தின நாள் மாலை, எங்கள் மகன் ஓர் அட்டைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். பெட்டியின் மூடியில் சிவப்பு நிறப் பிக்கப் வண்டியொன்று புழுதி பறக்க மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே வண்டி இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகள், நான்கு ரப்பர் டயர்கள், மடித்து வைத்த படத்தாள் ஒன்று. அவ்வளவே.

"உடைந்து போனதையா வாங்கி வந்திருக்கிறாய்?" என்று கேட்டோம்.

"உடையலம்மா. இப்படித்தான் வரும். நாமதான் சேர்க்கணும். பையனும் நானும் சேர்ந்து செய்யலாம்னுதான் வாங்கினேன்" என்றான்.

விலையைக் கேட்டோம். பெட்டிக்கு மட்டும் 4,400 ரூபாய். அதனோடு பசை, வண்ணக் குப்பிகள், தூரிகைகள், துண்டுகளை நறுக்கியெடுக்கும் சிறு குறடு ஆகியவற்றுக்கு மேலும் 2,200. ஆக மொத்தம் 6,600 ரூபாய். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் அவனுக்கு நாளொன்றுக்கு 550 ரூபாய் கூலி. பன்னிரண்டு நாள் கூலியைக் கொடுத்து, ஒரு சாணுக்குச் சற்று மிகுதியான நீளமுள்ள வண்டியை வாங்கி வந்திருந்தான். அதுவும் வண்டியாக இல்லை, துண்டுகளாக.

அதைக் காட்டிலும் எங்களை வருத்திய கணக்கு வேறொன்று இருந்தது. திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் அவன் எங்களோடு திருப்பலிக்கு வரவில்லை. "வேலை இருக்குப்பா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் வைக்கோலும் மூங்கிலும் கொண்டு அவனே கட்டும் குடிலை, இம்முறை முதிய நாங்கள் இருவரும் பேரனை வைத்துக்கொண்டு எப்படியோ கட்டி முடித்தோம். மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி. ஒரு ஞாயிற்றுக்கு 1,100 என்றால் நான்கு ஞாயிறுகளுக்கு 4,400. பெட்டியின் விலையும் அதுவே. எவரும் சொல்லாமலே கணக்கு எங்களுக்கு விளங்கிவிட்டது.

சொல்லத் தகாதவற்றையும் அன்று சொன்னோம். ஆண்டவரின் நாளை விற்றா பொம்மை வாங்க வேண்டும் என்றோம். மழைக்கு ஒழுகும் கூரையைச் சுட்டிக் காட்டினோம். பேரனின் பள்ளிக் கட்டணத்தை நினைவூட்டினோம். அவன் மறுமொழி பேசவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனான். நள்ளிரவுத் திருப்பலிக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் சென்றோம். ஒன்றாகத்தான் திரும்பினோம். ஆனால் வழியில் எவரும் எவரோடும் பேசவில்லை.

எங்கள் சினத்திற்கு ஒரு பழைய நியாயமும் துணை நின்றது. நாங்கள் சிறுவர்களாய் இருந்தபோது வண்டிக்குக் காசு கொடுத்ததில்லை. நுங்கு தின்றபின் எஞ்சிய இரண்டு கூந்தல்களைக் குச்சியால் இணைத்தால் ஒரு வண்டி. தேய்ந்துபோன ரப்பர்ச் செருப்பை வட்டமாக அறுத்துச் சக்கரமாக்கி, தீப்பெட்டியை மேலே வைத்தால் லாரி. செலவு ஏதுமில்லை. விளையாட்டுப் பொருளை விலைக்கு வாங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வேலையையே ஒருவன் விலை கொடுத்து வாங்குவானா? நாள் முழுதும் தொழிற்கூடத்தில் நின்று பாகங்களைப் பொருத்துகிறவன், கூலியைக் கொடுத்து மறுபடியும் பொருத்தும் வேலையையா வீட்டுக்குக் கொண்டுவருவான்? இக்கேள்வி எங்களை விடவில்லை.

விடை தேடப் புகுந்தபோது சில செய்திகளை அறிந்தோம். 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், ஃபெர்குசன் டிராக்டரின் சிறு மாதிரியொன்றைச் செய்து கொடுத்தது. டிராக்டர் விற்பனையாளர்கள் கையில் கொண்டுசென்று காட்டுவதற்காக அது செய்யப்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளர்களே பாகங்களைப் பொருத்தி முடித்துக் கொடுத்தார்கள். அதற்கு ஆகும் செலவைக் குறைப்பதற்காகப் பின்னர் அதைப் பாகங்களாகவே கடைகளில் விற்றார்கள். வாங்குகிறவரே பொருத்திக்கொள்ளட்டும் என்று விட்ட அந்த உழைப்பே, அப்பொருளின் கவர்ச்சியாகவும் ஆகிவிட்டது. இன்று இக்கலையில் பெயர்பெற்ற இடம் ஜப்பானின் ஷிசுவோகா. அங்குள்ள தமியா நிறுவனம் 1946இல் மர அறுவைத் தொழிலில் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, 1960இல்தான் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு வந்தது. சூசையப்பரின் தொழிலிலிருந்து பிறந்த கலை என்று எண்ணியபோது எங்கள் கடுமை சற்றே தளர்ந்தது.

விலைக்கும் காரணம் உண்டு. உண்மையான பிக்கப் வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் 30 சென்டிமீட்டர் நீளம். அதை 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 22 சென்டிமீட்டர். அந்த அளவில் கதவின் கைப்பிடியும் சக்கரத்தின் திருகும் பிசகாமல் வார்க்கப்பட வேண்டுமானால், எஃகில் நுட்பமாகக் குடைந்த அச்சு வேண்டும். அச்சுக்கு ஆகும் பெருஞ்செலவு ஒவ்வொரு பெட்டியின்மீதும் ஏறுகிறது. கப்பற்கூலி ஏறுகிறது. சுங்கத் தீர்வை ஏறுகிறது. நம் நாட்டில் விளையாட்டுப் பொருள்களுக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. உள்நாட்டுத் தொழில் வளரவேண்டும் என்பதே அதன் நோக்கம். அது நல்ல நோக்கந்தான். ஆயினும், தன் பிள்ளைக்காக ஏங்கும் கூலித் தொழிலாளியின் சட்டைப்பையையும் அது தொடுகிறது.

இங்கே ஒரு பொருத்தம் எங்களுக்குத் தென்பட்டது. பாகங்களாக வந்து பொருத்தப்படும் வண்டி எங்கள் மாவட்டத்துக்குப் புதியதன்று. திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அமைத்த தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் பொருத்தப்பட்டன. 2013இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, இசுசு நிறுவனத்தின் டி-மேக்ஸ் பிக்கப் வண்டிகளும் அதே கூரையின்கீழ்ப் பொருத்தப்பட்டன. 2016இல் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் உள்ள ஸ்ரீசிட்டியில் அந்நிறுவனம் தன் சொந்தத் தொழிற்சாலையைத் திறந்தது. முழு வண்டியாக இறக்குமதி செய்தால் தீர்வை மிகுதி. பாகங்களாகக் கொண்டுவந்தால் குறைவு. ஆகவே பொருத்தும் வேலை இங்கே பிறந்தது. ஒரே பிக்கப் வண்டிதான், ஒரே வகை உழைப்புதான். பெரிய வண்டியைப் பொருத்தினால் கூலி தருகிறார்கள். சிறிய வண்டியைப் பொருத்துவதற்கு நாம் கூலியைத் தருகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு?

அதை நூல்களில் காணவில்லை. விழா முடிந்த மூன்றாம் நாள் இரவு எங்கள் கூடத்திலேயே கண்டோம்.

பேரன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்துவிட்டான். தகப்பனும் பிள்ளையும் பழைய செய்தித்தாளை விரித்து அமர்ந்தார்கள். பிள்ளை எண்ணைப் படிப்பான். தகப்பன் அந்த எண்ணுள்ள துண்டைச் சட்டத்திலிருந்து நறுக்கி, பிசிறு நீங்கத் தேய்த்துக் கொடுப்பான். தேடிக்கொண்டே வந்த மகனின் கை ஒரு துண்டின்மேல் வந்ததும் நின்றுவிட்டது. கட்டைவிரல் அகலமுள்ள ஒரு தகடு அது.

"இது என்னன்னு தெரியுதா? வண்டியோட பின்கதவு. அப்பா தினமும் கீல் மாட்டுறது இதுலதான்."

"இதையா செய்றீங்க? அப்போ வண்டி?" என்று கேட்டான் பிள்ளை.

"வண்டியை நான் பார்த்ததில்லைடா. கதவோட போயிடும்."

நாங்கள் திடுக்கிட்டோம். ஆறாண்டுகளாக அத்திப்பட்டுப் புதுநகர் நிலையத்தில் மின்தொடர் ஏறி வேலைக்குப் போய் வருகிறான். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் கேட்டிருக்கிறோம். கூலி ஏறியதா என்று கேட்டிருக்கிறோம். என்ன செய்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு பணிமுறைக்குள் நூற்றுக்கணக்கான பின்கதவுகள் அவன்முன் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு கீல்களைப் பொருத்துகிறான். கதவு நகர்ந்துவிடுகிறது, அடுத்தது வருகிறது. அந்தக் கதவு ஒரு வண்டியில் சேர்ந்து மூடிக்கொள்ளும் காட்சியை அவன் வேலையிடத்தில் ஒரு முறையேனும் கண்டதில்லை. நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்து, இது நாம் தொட்டதாய் இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வதுதான் அவனுக்குக் கிடைத்த நிறைவு.

பின்கதவை அன்றே ஒட்டிவிடத் துடித்தான் பிள்ளை. படத்தாளின்படி அதன் முறை கடைசிப் பகுதியில்தான் வந்தது. அதுவரை தகப்பன் அத்துண்டை ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்தான். அடிச்சட்டமும் இயந்திரமும் இருக்கைகளும் நாளுக்கொன்றாக முடிந்தன. எட்டாம் நாள் கதவின் முறை வந்தது. இரண்டு சிறு முனைகள் குழிகளில் அமர்ந்தால் திறந்து மூடும்படி அது அமைந்திருந்தது. பொருத்தினான். திறந்தான், மூடினான். மறுபடியும் திறந்தான், மூடினான். முப்பத்தைந்து வயது மனிதனின் முகத்தில் அப்போது நாங்கள் கண்டது விளையாட்டன்று.

1981 செப்டம்பர் 14ஆம் நாள், உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஒரு சுற்றுமடல் எழுதினார். செய்யப்படும் பொருளைக் கொண்டு மட்டும் உழைப்பை மதிப்பிடலாகாது, அதைச் செய்பவன் ஒரு மனிதன் என்பதே அதற்கு மதிப்புத் தருகிறது என்பதும், உழைப்பு மனிதனுக்காகவே அன்றி மனிதன் உழைப்புக்காக இல்லை என்பதும் அதன் உட்கருத்து. பங்கில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சிறு கதவு மூடிய ஓசையில்தான் அது எங்களுக்கு விளங்கிற்று. எங்கள் மகன் விலை கொடுத்து வாங்கியது வேலையை அன்று. தொடக்கமும் முடிவும் தன் கைக்குள்ளேயே அடங்கிய வேலையை ஒரு முறையேனும் செய்து பார்க்கும் வாய்ப்பை வாங்கினான். தன் உழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தன் பிள்ளைக்குக் காட்டும் உரிமையை வாங்கினான்.

இன்னொன்றும் அந்நாள்களில் கற்றோம். பிளாஸ்டிக் துண்டுகளை இணைக்கும் அந்தப் பசை நாம் அறிந்த கோந்து போன்றதன்று. இரு துண்டுகளின் விளிம்புகளையும் அது சிறிது கரைக்கிறது. கரைந்த விளிம்புகள் ஒன்றில் ஒன்று கலந்து இறுகுகின்றன. ஒரு பக்கம் மட்டும் கரைந்தால் பிடிப்பு நில்லாது. முன்கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளுமாறு மகன் எங்களிடம் கொடுத்தான். எங்கள் விரலில் இருந்த பசை பட்டுக் கண்ணாடியின் ஓரம் மங்கிப்போயிற்று. பன்னிரண்டு நாள் கூலியில் வந்த பொருள். அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பரவாயில்லைப்பா, சேத்துல போன வண்டின்னு வச்சுக்கலாம்" என்று சிரித்தான். விழாவுக்கு முந்தின இரவு நாங்கள் சொன்னவை எல்லாம் ஒவ்வொன்றாக எங்கள் நினைவுக்கு வந்தன. அன்றிரவு அவனிடம் அதைச் சொன்னோம்.

இவ்வாறெல்லாம் எழுதுவதால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டா. கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவர் தந்த உவமை. நாங்களும் உட்கார்ந்து கணக்கிட்டோம். 6,600 ரூபாய் ஒரு செலவு. கூரை இன்னும் ஒழுகுகிறது என்பது மற்றொன்று. எல்லாவற்றிலும் பெரிய செலவு அந்த நான்கு ஞாயிறுகள். பிள்ளையோடு சில இரவுகள் அமர்ந்திருப்பதற்காக, பிள்ளையோடு இருக்க வேண்டிய நான்கு பகல்களைத் தகப்பன் கொடுத்திருந்தான். 1998இல் அதே திருத்தந்தை ஆண்டவரின் நாளைப் பற்றி எழுதிய திருமடல், வழிபாட்டைச் சொல்வதோடு ஓய்வையும் வற்புறுத்துகிறது. உழைப்பிலேயே மூழ்கிப் போகாமல், குடும்பத்தாரின் முகங்களை மனிதன் ஆற அமரக் காணும் நாள் அது. இதை நாங்கள் அவனிடம் சினமின்றிச் சொன்னபோது, "தெரியும்பா. நாலாவது ஞாயிறு மிஷின் முன்னாடி நின்னுக்கிட்டு உங்களையெல்லாம்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.

பேரனுக்கு இப்போது இன்னொரு வண்டியின்மீது கண் விழுந்திருக்கிறது. வீட்டில் ஒரு முடிவு செய்திருக்கிறோம். ஒரு தகர உண்டியலில் அவரவரால் இயன்றதைப் போடுவது. முதலில் கூரை, பிறகு வண்டி. எத்தனை மாதமானாலும் ஆகட்டும், ஒரு ஞாயிற்றையும் அதற்காகக் கொடுப்பதில்லை. உண்டியலில் இதுவரை 840 ரூபாய் சேர்ந்திருக்கிறது.

மூவரசர் பெருவிழாவன்று காலை, குடிலைக் காணவந்த அண்டை வீட்டார் அதைச் சுற்றி நின்று சிரித்தார்கள். எட்டிப் பார்த்தோம். மூன்று அரசர்களுக்கும் பின்னால், ஒட்டகத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி மங்கிய சிவப்புப் பிக்கப் வண்டி நின்றது. காணிக்கைகளை ஏற்றிவந்த வண்டியாம். இறக்கி வைப்பதற்கு வசதியாக அதன் பின்கதவைப் பேரன் திறந்து வைத்திருந்தான்.