நான்கு மணி நேரத் தூரம்

தம்பி, நேற்று டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஆறரை மணி நேரமா தாத்தா?" என்று கேட்டாய். அதில் போட்டிருப்பது அந்தந்த ஊர் மணி. நமக்கு விடிந்து இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் அங்கே அதே மணி அடிக்கும். இரவு பத்துக்கு ஏறினால் அங்கே பதினொன்றரைக்கு இறங்கலாம். பறப்பது என்னவோ போகும்போதும் வரும்போதும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மேல்காற்று எதிர்த்தால் கொஞ்சம் கூடும். என் இளவயதில் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். 1982 ஜனவரி முதல் தேதி நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள்.

கோலாலம்பூருக்கும் திருச்சிக்கும் நடுவே சுமார் 2,700 கிலோமீட்டர். என் அப்பா அதை ரஜூலா கப்பலில் கடந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது; கடலில் தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்து ஒரு வாரம் கிடந்து பினாங்கில் இறங்கினாராம். பிறகு குருபோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவி வெள்ளி வெள்ளியாகச் சேர்த்து, 1961இல் ஒரே ஒரு முறை ஊருக்குப் போனார். அவர் கப்பல் ஏறிய கிள்ளான் துறைமுகத்துக்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். எனக்கு எட்டு வயது. அவருடைய தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது முழுக்க அவர் தங்கை பிள்ளைகளுக்கு எடுத்த துணி.

அந்தத் தங்கை, துறையூர் அத்தை, பிற்காலத்தில் எனக்குத் தொலைபேசியில் கேட்பார்: "எப்பய்யா வருவே?" நான் சொல்வேன், "நாலு மணி நேரம்தானே அத்தை, எப்ப வேணும்னாலும் வந்துடுறேன்." தீபாவளிக்கு என்றேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றேன். கூரை மாற்ற வேண்டும் என்றேன். பதினொரு வருடம் அப்படியே போயிற்று. ஒரு வாரம் கடலில் கிடந்து போக வேண்டியிருந்த என் அப்பா நாள் குறித்துக் கிளம்பினார், தம்பி. நான்கு மணி நேரத்தில் போகக்கூடிய நான் நாளே குறிக்கவில்லை.

அத்தை போய்விட்டார் என்று விடியற்காலையில் செய்தி வந்தது. பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. அதைப் புதுப்பித்து, விசா வாங்கி, இடம் கிடைத்துப் போய்ச் சேர ஆறு நாள். கப்பலுக்கும் எனக்கும் ஒருநாள்தான் வித்தியாசம். பால் தெளிப்பும் முடிந்திருந்தது. எனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு வேட்டியை அத்தை மகள் கொண்டுவந்து கொடுத்தாள். மடிப்பெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது.

அதனால்தான் உனக்கு முதலில் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னேன். கணக்கையும் வீட்டு வாசலிலிருந்தே போடு. இங்கிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும், பறப்பது நான்கு, திருச்சியில் குடிநுழைவு வரிசை, பிறகு துறையூருக்குக் காரில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். பதினொரு மணி நேரமாவது ஆகும்.

அங்கே உனக்குச் சின்னப் பாட்டி முறையுள்ள ஒருவர் இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. நீ வரும் தேதியைச் சொல்லிவிட்டேன். ஜன்னலோர இருக்கை உனக்குத்தான்.