சங்கிலியின் இரண்டு முனைகள்

ஃபேன்டஸி நாவல் என்றாலே டிராகன், மந்திரவாதி, வாள் சண்டை, கடைசியில் நல்லவன் ஜெயிப்பான், அவ்வளவுதானே என்பவர்கள் ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையில் வரும் ஷான்சான் பேரரசைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 1990-ல் தொடங்கி 2013-ல் முடிந்த வரிசை. மொத்தம் 14 புத்தகங்கள் (முன்கதை தனி). 2007-ல் ஜோர்டன் இறந்துவிட, கடைசி மூன்றையும் பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார்.

(எச்சரிக்கை: கதையின் பெரிய ரகசியம் ஒன்று கீழே உடைகிறது. படிக்கப் போகிறவர்கள் இப்படியே யூ-டர்ன் அடித்துவிடலாம்!)

சரி, யார் இந்த ஷான்சான்? கடல் கடந்து படையெடுத்து வருகிறவர்கள். 'எங்கள் முன்னோர் ஆண்ட மண், திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறோம்' என்பது அவர்கள் சொல்லும் காரணம். அவர்களுடைய பீரங்கி, பெண்கள். பிறவியிலேயே மாயசக்தி உள்ள பெண்ணைக் கண்டுபிடித்தால் கழுத்தில் பட்டை மாட்டிவிடுவார்கள். பட்டையிலிருந்து ஒரு சங்கிலி, அதன் மறுமுனையில் ஒரு வளையல். பட்டை அணிந்தவள் டமானே. வளையல் அணிந்தவள் சுல்டாம். சுல்டாம் சொன்னால் டமானே இடியை இறக்க வேண்டும், பூமியைப் பிளக்க வேண்டும். மறுத்தால் சங்கிலி வழியாகவே வலி வரும்.

வீட்டில் ஒரு பெண் டமானே ஆனால் குடும்பப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிடுவார்கள். பிறந்ததே இல்லை என்பது போல. அதே வீட்டின் இன்னொரு பெண் சுல்டாம் ஆனால் குடும்பத்துக்கே கௌரவம்! கணக்குப் பாஷையில் சொன்னால், ஒருத்தி மனிதக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு சொத்துக் கணக்கில் ஏற்றப்படுகிறாள். இன்னொருத்தி அந்தச் சொத்தை இயக்குகிறாள்.

இதைவிட விசித்திரம், இந்தச் சமூகத்தில் அடிமை என்றால் கடைசிப் படி என்று அர்த்தம் இல்லை. பிரபுக்களின் பரம்பரை ஊழியர்கள் சொத்துதான், ஆனால் சுதந்திரமான சாதாரண மனிதன் அவர்கள் முன் பணிந்து நிற்க வேண்டும். மகாராணியின் மெய்க்காவல் படையில் உள்ள மனிதர்களும் அடிமைகளே. அதில் அவர்களுக்குப் பெருமை வேறு. மேலே இருக்கும் பிரபுவுக்கும் உத்தரவாதம் கிடையாது. படைத்தலைவி சூரோத் துரோகம் செய்து மாட்டிக்கொண்டதும் ஒரே நாளில் அடிமையாகிறாள். அரச குடும்பத்திலோ அண்ணன் தங்கையே ஒருவரையொருவர் கொன்று அரியணைக்குப் போட்டி போடுகிறார்கள். மேலிருந்து கீழ் வரை எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஒழுங்கு.

அப்புறம் ஏன் பிடிபட்ட நாட்டு மக்கள் பொங்கி எழவில்லை? ஜோர்டன் சாமர்த்தியம் காட்டுவது இங்கேதான். ஷான்சான் வந்த இடத்தில் சாலைகளில் கொள்ளைக்காரர் பயம் குறைகிறது. சந்தை நடக்கிறது. எபூ டார் நகரைப் பிடித்த பிறகும் அங்கிருந்த ராணியை அரியணையில் விட்டுவைக்கிறார்கள். விசுவாசப் பிரமாணம் எடுத்தவனின் கடை பத்திரம், வயல் பத்திரம். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? அந்த அமைதிக்கான விலையைக் கொடுப்பது அவன் கழுத்து இல்லையே, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கழுத்துதானே!

இப்போது ரகசியம். சுல்டாமாகத் தேர்வாகும் பெண்களுக்கும் மாயசக்தி உண்டு. டமானேக்கு அது தானாக வருகிறது, சுல்டாம் கற்றுக்கொண்டால் வரும். வித்தியாசம் அவ்வளவே. அதனால்தான் வளையல் அவர்கள் கையில் வேலை செய்கிறது. அதே பட்டையை ஒரு சுல்டாமின் கழுத்தில் மாட்டினால் அவளும் மாட்டிக்கொள்வாள். ஆக, ஒரு பேரரசே நிற்கும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஜாதி மனிதர்கள்.

இது தெரிந்ததும் சூரோத் செய்த முதல் காரியம், மறைத்தது. தெரிந்த பெண்களைத் தேட ஆள் அனுப்பியது. எதிரிப் படையைவிட ஒரு தகவல் ஆபத்தாகிவிட்டது.

கற்பனைதானே என்று தள்ளிவிட முடியாது. ஜோர்டன் பிறந்த ஊர் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன். வட அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமை இறக்குமதித் துறைமுகம் அது. 1739-ல் அதற்கு அருகே ஸ்டோனோவில் அடிமைகள் கிளர்ந்தார்கள். அடுத்த ஆண்டே வந்த சட்டம், அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. ஆயுதத்தோடு எழுத்தும் அவர்களுக்குப் பயமாக இருந்திருக்கிறது. 'இவனால் முடியாது' என்பதுதான் நியாயம் என்றால், அப்புறம் சட்டம் போட்டுத் தடுப்பது எதற்கு?

பிற்பாடு அதே நகரத்தில் கூலிக்கு விடப்பட்ட அடிமை செம்பு வில்லை ஒன்றை அணிய வேண்டும். உடைமையாளர் அதற்கு ஆண்டுதோறும் நகராட்சிக்குக் கட்டணம் கட்டுவார். வண்டிக்கு லைசென்ஸ் எடுப்பது போல! 1822-ல் டென்மார்க் வீசி என்ற தச்சர் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு, அவரோடு சேர்த்து 35 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் பயத்தில் எழுந்த ஆயுதக் கிடங்கு 1842-ல் ராணுவக் கல்லூரியாக மாறியது. பெயர் சிட்டடெல். வியட்நாம் போர் முடித்து வந்த ஜோர்டன் படித்தது அந்தக் கல்லூரியில்தான். இதையெல்லாம் நினைத்துத்தான் அவர் எழுதினார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இப்படி ஒரு ஊரில் வளர்ந்தவருக்கு, நல்ல மனிதர்களும் வளையல் அணிவார்கள் என்பது புதிதாக இருந்திருக்காது.

நாவலுக்கு வருவோம். உண்மை வெளியே வந்ததும் பேரரசு இடிந்து விழும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. பட்டத்துக்கு வரும் டுவான் புத்திசாலி, தைரியசாலி, பேச்சில் குறும்பு உண்டு. வாசகருக்கு அவளைப் பிடித்தே போகும். அவளும் டமானேக்களைப் பழக்கத் தெரிந்த சுல்டாம். அதாவது அவள் கழுத்துக்கும் பட்டை பொருந்தும். அவள் சொல்லும் பதில்: சக்தி இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு, நான் பயன்படுத்த மாட்டேன். பழைய நியாயம் உடைந்த இடத்தில் புதியது தயார்! ஆனால் பட்டை மாட்டப்பட்ட சிறுமியிடம் 'நீ பயன்படுத்துவாயா, மாட்டாயா' என்று யாரும் கேட்கவில்லை.

பொது எதிரியை வீழ்த்த எல்லா நாடுகளும் ஒப்பந்தம் போடுகின்றன. யுத்தம் ஜெயிக்கிறது, உலகம் பிழைக்கிறது. கடைசிப் பக்கம் முடியும்போதும் ஷான்சான் டமானேக்களின் கழுத்தில் பட்டை இருக்கிறது. எபூ டாரில் சந்தையும் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கும்.

படித்தவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு டுவானைப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால், அடுத்த கேள்வி கொஞ்சம் கஷ்டமானது: ஏன்?