பந்தி நின்றுவிடக் கூடாது

நெசவைப் பார்க்கக் காஞ்சிபுரம் போகலாம். நாகஸ்வரம் கடைவதைப் பார்க்க நரசிங்கன்பேட்டை இருக்கிறது. லினக்ஸ் கணினியில் இசை அமைக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் கருவி செய்கிறவர்களைத் தேடிப் போனால் அப்படி ஒரு தெரு அகப்படாது. ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு ஒரே பொருளில் வேலை செய்கிறார்கள். ஆனால் அவர்கள் பட்டறை நம் மேசைக்கே வந்துவிடுகிறது. மைக்கை ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, 'ஆர்டர்' என்ற ஒலிப்பதிவு மென்பொருளை ஓடவிட்டால் வேலைப்பாடு முழுவதும் கண்முன் நிற்கும். (கடையில் கொடுக்கும் ஆர்டர் அல்ல, தீராத ஆர்வம் என்று பொருள்படும் வேறோர் ஆங்கிலச் சொல்.) அதனால் அந்த மேசையையே களமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கிருந்து பார்க்கும்போது, லினக்ஸ் என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் 'இலவசம்' எனக்கு இரண்டாம்பட்சமாகவே படுகிறது. இந்தக் கைவினையின் கச்சாப்பொருள் நேரம். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி, பத்து இருபது ஆண்டு என இரு கோடிகளிலும் நேரத்தைப் பயன்படுத்துகிறவர் கைக்கு எட்டும்படி வைத்ததுதான் அதன் சாதனை என்பது என் வாதம்.

சின்ன நேரத்திலிருந்து தொடங்கலாம். கணினி ஒலியை ஒரே ஒழுக்காக வாங்குவதில்லை. வினாடிக்கு 48,000 முறை அளந்து, அந்த அளவுகளைக் கட்டுக்கட்டாக அள்ளுகிறது. கட்டுக்கு 1,024 அளவு என்று வைத்தால் ஒரு கட்டு நிறைய 21 மில்லி வினாடிக்குச் சற்று மேல் ஆகும். 64 என்று வைத்தால் 1.33 மில்லி வினாடி. ஒலி காற்றில் ஒரு மில்லி வினாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். ஆக, 1,024 என்ற கட்டு பாடகரின் குரலை ஏழு மீட்டருக்கு அப்பாலிருந்து அவர் காதுக்கு அனுப்புவதற்குச் சமம். உள்ளே வர ஒரு கட்டு, வெளியே போக இன்னொரு கட்டு என்று சேர்த்தால் தூரம் இன்னும் கூடும். ஹெட்ஃபோனில் தன் குரலையே கேட்டுப் பாடுகிறவர் தாளத்தை நழுவவிட இது தாராளம். கட்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் கெடு இறுகும். 64 என்றால் வினாடிக்கு 750 கெடு. ஒவ்வொன்றுக்குள்ளும் எல்லா டிராக்கையும் கலந்து, எதிரொலி சேர்த்து, ஸ்பீக்கருக்குத் தள்ளியாக வேண்டும். ஒன்று தவறினாலும் 'டப்' என்று ஒரு வெடிப்பு பதிவில் விழும். அதற்கு இந்தத் தொழிலில் எக்ஸ்ரன் என்று பெயர். ஆர்டரின் திரை ஓரத்தில் அதை எண்ணிக் காட்ட ஓர் இடமே இருக்கிறது.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நடந்துகொண்டே இருக்க வேண்டும். வாளி காலியென்று அவரே சமையற்கட்டுக்கு ஓடினால் பந்தி நின்றுவிடும். நிரப்பிக் கொடுக்க வேறொருவர் வேண்டும். ஆர்டரின் மூலநிரலைத் திறந்தால் இதே ஏற்பாடுதான். ஒலியை நேரடியாகக் கையாளும் பகுதி ஹார்ட் டிஸ்கைத் தொடக் கூடாது, புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது, யாருக்காகவும் காத்து நிற்கக் கூடாது. டிஸ்கிலிருந்து எடுத்து வாளியை நிரப்பிவைக்கத் தனியாக ஒரு பகுதி உண்டு. எழுதியவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பட்லர்'. விற்பனைக்கு வரும் மூடிய மென்பொருள்களும் இப்படித்தான் வேலை செய்தாக வேண்டும், வேறு வழியில்லை. அங்கேயும் கட்டின் அளவை மாற்றலாம். ஆனால் பந்தி ஏன் நின்றது என்று தேடிக்கொண்டு சமையற்கட்டுவரை போக அங்கே அனுமதி இல்லை.

லினக்ஸில் போனார்கள். ஆர்டரைத் தொடங்கிய பால் டேவிஸ், அமேசானின் ஆரம்ப நாட்களில் அங்கே நிரல் எழுதிய முதல் இருவரில் ஒருவர். அவருக்கும் அவரையொத்தவர்களுக்கும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தடையாக நின்றது இசை மென்பொருள் அல்ல, அதற்கு அடியில் இருந்த கர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு. அது தன் சொந்த வேலையில் இறங்கிவிட்டால் முடியும்வரை யாருக்கும் வழிவிடாது. அதற்குள் கெடு பல முறை கடந்திருக்கும். அவர்கள் அந்த நெருக்கடியை அளந்தார்கள், அளவைக் காட்டிக் கர்னல்காரர்களிடம் வாதாடினார்கள், திருத்தங்களைத் தங்கள் கணினியில் ஓட்டிச் சோதித்தார்கள். கெடு தவறாத கர்னலுக்கான முழுத் திருத்தமும் மூல லினக்ஸில் சேர்ந்து முடிந்தது 2024-இல், 6.12 பதிப்பில்தான். ஏறக்குறைய இருபது ஆண்டு வேலை. கடைசிவரை அதை இழுத்துவந்தது இசைக்காரர்களின் பிடிவாதம் மட்டும் என்று எழுதினால் பொய்யாகிவிடும். தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டுகிறவர்களுக்கும் அதே தேவை இருந்தது, பணமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஆனாலும் சொந்தக் கருவியின் அடித்தளத்தில் கைவைத்துக் குறை சொல்லும் உரிமை ஒலிப்பதிவுக்காரருக்கு வேறெந்த இயங்குதளத்திலும் இந்த அளவுக்கு இருந்ததில்லை.

டேவிஸ் செய்த இன்னொரு கருவி 'ஜாக்'. திரையில் மென்பொருள்கள் பெட்டி பெட்டியாக நிற்கும். ஒன்றின் வெளிவாயிலிலிருந்து அடுத்ததன் உள்வாயிலுக்குக் கோடு இழுத்தால் ஒலி பாயும். டிரம் ஒரு மென்பொருளில், கிட்டார் இன்னொன்றில், பதிவு ஆர்டரில் என்று வைத்துக்கொள்ளலாம். அனைத்தும் ஒரே கெடுவுக்குள் முறைப்படி ஓடி முடிகின்றன. பிரான்சின் லியோனில் உள்ள கிராம் என்ற இசை ஆய்வு மையத்தில் ஸ்டெஃபான் லெட்ஸ் இதைப் பல பிராசஸர்களுக்கு ஏற்ப மறுபடி எழுதினார். பிறகு விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் வந்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பில் அது 2021-இல் இயல்பான ஒலி ஏற்பாடாகவே ஆனது. ஜாக்குக்காக எழுதிய மென்பொருள்கள் அதன்மேல் மாற்றமின்றி ஓடுகின்றன. கருவி மாறியது, வேலை வீணாகவில்லை.

பெரிய நேரத்தின் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணினி இசை மையத்தின் பெயரைச் சுருக்கி 'கர்மா' என்றே உச்சரிக்கிறார்கள் (நம் காதுக்கு வேறு மாதிரி ஒலிக்கும், பொருத்தமாகவும்). ஒரு காலத்தில் பல்கலைக்கழகத் தலைவருக்காகக் கட்டிய மாளிகையில் அது இயங்குகிறது. அங்கே நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தின் கணினிகளை நம்பி நிறைய வேலை நடந்தது. 1993-இல் நெக்ஸ்ட் கணினி உற்பத்தியையே நிறுத்திவிட்டது. பின்னர் லினக்ஸுக்கு நகர்ந்த அந்த மையத்தில், இசையமைப்பாளரும் கணினிகளைப் பராமரிப்பவருமான ஃபெர்னாண்டோ லோபஸ்-லெஸ்கானோ, அங்கு ஓடுவதையெல்லாம் வீட்டுக் கணினியிலும் நிறுவும்படி 'பிளானட் கர்மா' என்ற தொகுப்பாக வெளியிடத் தொடங்கினார். தாமதம் குறைந்த கர்னலும் அதற்குள் இருந்தது. மூடிய மென்பொருள்களின் பக்கத்தைப் பாருங்கள். கிட்டார் நிறுவனமான கிப்சன் 1998-இல் ஆப்கோட் நிறுவனத்தை வாங்கிய சில காலத்தில் அதன் இசை மென்பொருள்கள் நின்றுபோயின. ஆப்பிள் 2002-இல் எமேஜிக் நிறுவனத்தை வாங்கியதும் அதன் லாஜிக் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு முடிவுக்கு வந்தது. இரண்டையும் நம்பி உழைத்தவர்களுடைய திறமையில் குறை எதுவும் இல்லை. முடிவு அவர்கள் இல்லாத அறையில் எடுக்கப்பட்டது. ஆர்டரோ ஒரு பாட்டின் ஒலியை வேவ் கோப்புகளாகவும், வெட்டு ஒட்டு விவரங்களைக் கண்ணால் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாகவும் வைக்கிறது. ஆர்டரே இல்லாமல் போனாலும் பாட்டை மீட்டுவிடலாம்.

இசைக்காரன் மெக்கானிக்காக வேண்டுமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி, சில ஆண்டுகளுக்கு முன்புவரை லினக்ஸில் ஒழுங்காகப் பதிவு செய்ய உள்ளமைவுக் கோப்புகளைக் கையால் திருத்த வேண்டியிருந்தது, மேக்கில் அது முதல் நாளே வேலை செய்தது. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவை அப்புகிறார், நாகஸ்வரக்காரர் சீவாளியைப் பக்குவம் பார்க்கிறார். அவர்களிடம் போய்த் தோலைப் பதனிடு என்று யாரும் சொல்வதில்லை. பழைய லினக்ஸ் தோலைப் பதனிடச் சொன்னது உண்மை. பைப்வயருக்குப் பிறகு வேலை ரவை அப்பும் அளவுக்கு இறங்கியிருக்கிறது, அதற்கும் கீழே இறங்காது, இறங்கவும் வேண்டாம் என்பேன். இன்னொரு ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. புரோ டூல்ஸ், கியூபேஸ், ஏபிள்டன் லைவ் ஆகிய இசை மென்பொருள்கள் எதற்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. புரோ டூல்ஸ் கோப்பையே மாற்றிக்கொள்ளும் ஸ்டூடியோக்களோடு தினமும் வேலை செய்கிறவர் அங்கேயே இருப்பதுதான் சரி. பிட்விக், ரீப்பர், பியானோடெக் போன்றவை லினக்ஸில் ஓடுகின்றன என்பது மற்றவர்களுக்குத்தான் ஆறுதல். தொழில்முறைக்கு லினக்ஸ் தாங்காது என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மேடைக் கலைஞர்கள் வாசிக்கும் கோர்க் குரோனோஸ் கீபோர்டுக்குள் 2011 முதல் ஓடுவது லினக்ஸ்தான். வாசிக்கிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம்கூட இருந்ததில்லை.

கூலிக் கணக்குதான் எனக்கு உறுத்துகிறது. ஆர்டரின் மூலநிரலை எவரும் எடுத்துத் தாமே தொகுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். தயாராகத் தொகுத்த பதிப்பு வேண்டுமென்றால் விரும்பியதைக் கொடுக்கலாம், குறைந்தது ஒரு டாலர். நாஷ்வில்லில் மிக்ஸர் செய்யும் ஹாரிசன் நிறுவனம் ஆர்டரின்மேல் தன் மிக்ஸ்பஸ் மென்பொருளைக் கட்டி விற்கிறது, அதன் நிரலில் ஒரு பகுதி ஆர்டருக்கே திரும்பி வருகிறது. இத்தனைக்குப் பிறகும் ஆர்டரின் நிரலில் பெரும்பங்கு பால் டேவிஸ், ராபின் கரேயஸ் என்ற இருவர் தோளில் இருக்கிறது. நிறுவனம் கைவிட்டால் கருவி சாகும் என்ற பயத்தைத் திறந்த மூலநிரல் போக்கிவிட்டது. அந்த இருவர் களைத்துப்போனால் வாளியை வாங்கிக்கொள்ள அதே கெடுவுக்குள் நடக்கத் தெரிந்த கைகள் எத்தனை இருக்கின்றன என்பதை மூலநிரலைத் திறந்துவைப்பதால் மட்டும் தீர்மானிக்க முடியாது. அந்த நிரலைப் படித்துப் பழக ஆண்டுகள் பிடிக்கும், அப்படிப் பழகுகிறவருக்கு அந்த ஆண்டுகளில் சாப்பாடு போடுவது யார் என்பதற்கான பதில் இன்னும் ஒரு டாலர், இரண்டு டாலராகவே வசூலாகிக்கொண்டிருக்கிறது.