அம்மாவின் மூன்று கேள்விகள்

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. எழுதுவதற்கு ஒன்றும் அகப்படாத வாரங்களில், கடிதம் எழுதும் பழக்கம் அருகிவிட்டதே என்று புலம்பி ஒரு பத்தி எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். பின்னொரு வாரம், கைத்தொலைபேசியின் வருகையால் பிரிந்த உறவுகள் நெருங்கிவிட்டன என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் எவரும் மறுக்கவில்லை. இரண்டுமே அரைகுறை உண்மைகள் என்பதை எனக்கு உணர்த்தியவர் என் தாயார்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது நான் கொழும்பில் இளம் நிருபர். யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. குடாநாட்டில் மின்சாரமும் இல்லாமற் போயிற்று. அம்மாவின் கடிதங்கள் பல வாரங்கள் கழித்தே வரும். சில வேளைகளில் பயணம் வந்தவர் எவரேனும் கொண்டுவந்து தருவார். பள்ளிக் கொப்பித் தாளின் இரு பக்கங்களிலும் ஓரம் விடாமல் எழுதியிருப்பார். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டினால் பகல் வெளிச்சத்திலேயே எழுதி முடித்துவிடுவாராம். அயலவர்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்பது, கிணற்றடித் தென்னை ஷெல் பட்டு முறிந்தது, கறுத்தப் பசு கன்று ஈன்றது என எல்லாம் அதில் இருக்கும். எனக்கும் அவருக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். ஆயினும், சற்றுப் பிந்தியேனும், அவருடைய முற்றத்தில் நடப்பதை நான் அறிந்திருந்தேன்.

அதற்காக அந்தக் காலத்தை மெச்சுவதற்கில்லை. கடிதம் கைக்கு வந்து சேரும் வேளையில் அதை எழுதியவர் உயிருடன் இருக்கிறாரா என்பது தெரியாத காலம் அது. வெள்ளவத்தையில் ‘கொமினிக்கேஷன்’ என்ற பெயர்ப்பலகைகள் தொங்கிய கடைகளை அந்நாளைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மகனுடன் பத்து நிமிடம் கதைப்பதற்காக, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கி, கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே முறைக்காகக் காத்திருந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய், தொலைபேசி மனிதரைப் பிரிக்கிறது என்று எவனும் சொல்லியிருக்க முடியாது.

2002இல் யுத்தநிறுத்தம் வந்தது, பாதை திறந்தது, அதன் பின்னர் கைத்தொலைபேசிகளும் வந்தன. 2006இல் பாதை மறுபடியும் மூடப்பட்டபோது, அந்தச் சிறிய கருவிதான் எங்களுக்குத் துணை. பிறகு ஒரு நாள் கனடாவிலிருந்து தங்கை தொடுதிரைக் கைத்தொலைபேசி ஒன்றை அனுப்பிவைத்தாள். பாரிஸில் இருக்கும் தம்பி, ரொறன்ரோவில் தங்கை, கொழும்பில் நான் என மூவரும் நாள்தோறும் முறைவைத்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்தோம். எனக்குரிய நேரம் மாலை ஏழு மணி. பத்திரிகை ஆசிரியபீடத்தில் அது பக்கங்கள் முடிவாகும் நேரம். தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, அச்சுப்பிழை திருத்திக்கொண்டே கதைப்பேன். அம்மா மூன்று கேள்விகள் கேட்பார்.

“சாப்பிட்டியே தம்பி? பிள்ளையள் சுகமே? எப்ப வருவாய்?”

நான் ஏதோ சொல்வேன். “ஓம், ஓம்” என்று சிரிப்பார். ஐந்து நிமிடத்தில் கடமை முடிந்துவிடும்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அதன் பின்னர் ஒன்றரை வருடத்துக்கும் மேலாக நான் ஊருக்குப் போகவில்லை. நாள்தோறும் பார்க்கிறேன்தானே என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2021இன் கடைசியில் ஒரு காலைப்பொழுதில் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். அம்மா எனக்கு முதுகு காட்டியபடி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. படலையைத் தட்டி உரத்துக் கூப்பிட்டேன். விளக்குமாறு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

“அம்மாவுக்கு இப்ப காது கேக்கிறேல்ல தம்பி. உங்களுக்குத் தெரியாதே?”

தெரியாது. நாள் தவறாமல் அவருடன் கதைத்த மூன்று பிள்ளைகளுக்கும் தெரியாது. சீனி இரவல் வாங்க வந்து போகிற அயலவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றிரவு தம்பியிடமும் தங்கையிடமும் கதைத்தபோது ஒவ்வொன்றாக வெளிவந்தது. பாரிஸில் தான் வேலை செய்த உணவகம் மூடப்பட்டு வேலை போய்விட்டது என்று தம்பி சொன்ன நாளில், “நல்லது ராசா, சந்தோஷம்” என்றாராம் அம்மா. தன்னைக் கலங்கவிடாமல் இருக்கத்தான் அம்மா அப்படிச் சொல்கிறார் என்று அவன் நினைத்திருக்கிறான். தங்கையிடமும் அதே மூன்று கேள்விகள்தாம். பதில் காதில் விழாவிட்டாலும் உரையாடல் குலையாத கேள்விகளைத் தெரிந்தெடுத்து வைத்திருந்தார் அம்மா.

காது, மூக்கு, தொண்டை மருத்துவ நிபுணர் ஒருவரிடம் காட்டினோம். முதுமையில் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறையும் என்று அவர் விளக்கினார். உயிரெழுத்துக்களின் ஓசை கேட்கும். மெய்யெழுத்துக்கள் பலவும் மங்கிப்போகும். யாரோ கதைக்கிறார்கள் என்பது புரியும். என்ன கதைக்கிறார்கள் என்பது புரியாது. அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் வாழ்வைப் பாதிக்கும் அளவு செவிப்புலக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால், எங்கள் வீடுகளில் அதை மறதி என்கிறோம், பிடிவாதம் என்கிறோம்.

தொலைபேசிக்கு 1876இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தாயாருக்கும் செவிப்புலன் குன்றியிருந்தது. அவருடைய மனைவியும் ஐந்து வயதில் செங்காய்ச்சலினால் கேட்கும் சக்தியை இழந்தவர். பெல் தம் தாயாரின் நெற்றிக்கு மிக அருகில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில், தெளிவாகப் பேசுவாராம். உலகத்துக்குத் தொலைபேசியைக் கொடுத்தவர் தம் தாயிடம் பேசுவதற்கு அருகில் போக வேண்டியிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று அம்மாவின் காதருகில் குனிந்து கேட்டேன்.

“சொன்னால் நீங்கள் எடுக்க மாட்டியள். கேக்காத ஆளோட என்னத்தைக் கதைக்கிறது எண்டு விட்டிடுவியள். எனக்கு உங்கட முகத்தைப் பாத்தால் போதும்.”

அதற்குப் பிறகு கருவியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகத்தை அது தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. தவறு என்னுடையது. அவர் கேட்டது என்ன, நான் சொன்ன பதிலுக்கும் அவருடைய சிரிப்புக்கும் பொருத்தம் இருந்ததா என்று ஒரு நாளாவது கவனித்திருந்தால் பிடிபட்டிருக்கும். பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு எழுதுவதையே முப்பது வருடங்களாகத் தொழிலாகக் கொண்டவன் நான்.

காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். இரைச்சலாயிருக்கிறது என்று அதை லாச்சிக்குள் வைத்துவிட்டார். இப்போது நான் வேறொரு வழி கண்டிருக்கிறேன். திருத்தி முடித்த அச்சுப்படித் தாள்களின் பின்புறத்தில் தடித்த பேனையால் பெரிய எழுத்தில் எழுதி, கமராவுக்கு முன் பிடிப்பேன். முதல் நாள் எனது திரையில் எழுத்துகள் கண்ணாடியில் போலத் தலைகீழாய்த் தெரிய, அவருக்கும் அப்படித்தான் தெரியுமோ என்று பதறிப்போனேன். அவருக்குச் சரியாகத்தான் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தார்.

இப்படிக் கதைப்பதற்கு அரை மணித்தியாலம் பிடிக்கிறது. எழுதும்போது வேறு வேலை எதுவும் பார்க்க முடியாது. ஏழு மணியை எட்டரைக்கு மாற்றியிருக்கிறேன். பக்கங்கள் அதற்குள் முடிந்துவிடும். அம்மாவின் பேச்சும் நீண்டுவிட்டது. அந்த மூன்று கேள்விகளோடு இப்போது நிறுத்துவதில்லை.

நேற்று, “கிணற்றடித் தென்னைக்குப் பதிலாய் வைத்த தென்னை என்ன மாதிரி?” என்று எழுதிக் காட்டினேன். அம்மா தொலைபேசியையும் தூக்கிக்கொண்டு, அதைக் காட்டுவதற்காக இருட்டில் கிணற்றடிக்கே போய்விட்டார். விழுந்துவிடுவாரே என்று நான் இங்கிருந்து கத்தியது அவருக்குக் கேட்கவில்லை.