சி ஷெட்யூலில் இரண்டு டிரங்குப் பெட்டிகள்

பாகப்பிரிவினை வழக்கில் சொத்து விவரத்தை ஏ, பி, சி என்று ஷெட்யூல் போட்டுப் பிரிப்போம். ஏ ஷெட்யூலில் வீடு வரும். பி ஷெட்யூலில் வங்கி வைப்பும் நகையும் வரும். சி ஷெட்யூல் பெரும்பாலும் பீரோ, கட்டில், பாத்திரம் பண்டம் என்று ஒரே பத்தியில் முடிந்துவிடும். அதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கூட ஊன்றிப் படிப்பதில்லை. சென்னை நகர உரிமையியல் நீதிமன்றத்தில் நான் வாதிக்காக நடத்திய ஒரு வழக்கில் எல்லாம் தலைகீழாக இருந்தது. வீட்டைப் பற்றி அண்ணனுக்கும் தங்கைக்கும் தகராறே இல்லை. சண்டை முழுக்க சி ஷெட்யூலில் இருந்த இரண்டு டிரங்குப் பெட்டிகளைப் பற்றியது. உள்ளே இருந்தவை காமிக்ஸ் புத்தகங்கள்.

கட்சிக்காரர்களை அடையாளம் காட்டும் விவரம் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. தங்கை எனக்குக் கட்சிக்காரர். அவர்களுடைய அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினீயராக இருந்தவர். எழுபதுகளில் அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போதெல்லாம் கடையில் தொங்கும் காமிக்ஸை வாங்கி, கேபினில் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவார். ஊரில் இருக்கும் மாதங்களில் சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ் வாங்கித் தருவார். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய அந்த வரிசையில் நிறைய இதழ்கள் பெட்டியில் இருந்தன. இவை போக, அண்ணன் கல்லூரி நாட்களில் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாகப் பொறுக்கியவையும் கலந்துகிடந்தன. அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் முன்பே காலமாகிவிட்டார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் இருவருக்கும் சரிபாதி.

அண்ணனுடைய எதிர்வாதுரையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. பெட்டியில் பாதிக்கு மேல் தன் சொந்தப் பணத்தில் வாங்கியது என்பது ஒன்று. மீதியைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் செய்தாக வேண்டும் என்பது மற்றொன்று. தங்கை ஒரு புத்தகத்தைக்கூட அனுப்பச் சம்மதிக்கவில்லை. "அப்பா கையால் புரட்டின புத்தகம் சார். அதைப் பிளாஸ்டிக்கில் போட்டு அடைத்துவிட்டால் நான் எதைத் திறந்து பார்க்கிறது?" என்று கேட்டார்.

கிரேடிங் என்றால் என்ன என்பதை நான் அந்த வழக்குக்காகத்தான் முறையாகப் படித்தேன். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய சிஜிசி நிறுவனம்தான் இந்தத் துறையில் முதல் பெயர். புத்தகத்தை அங்கே ஒப்படைத்தால் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பசை போட்டிருக்கிறதா, நிறம் தீட்டியிருக்கிறதா, ஓரம் வெட்டியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பார்த்து 0.5 முதல் 10 வரை ஒரு எண் கொடுப்பார்கள். பிறகு கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அந்த உறைக்கு ஸ்லாப் என்று பெயர். மேலே ஒட்டும் சீட்டின் நிறமே ஒரு செய்தி. நீலம் என்றால் சாதாரணப் பிரதி, ஊதா என்றால் பழுதுபார்த்தது, பச்சை என்றால் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய குறை ஒன்று இருக்கிறது. உறையை உடைத்துப் புத்தகத்தை எடுத்துவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அண்ணன் இதில் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் செய்தித்தாள். 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 9.0 எண் பெற்ற ஒரு பிரதி, 2011இல் 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அதே எண் பெற்ற வேறொரு பிரதி 2014இல் 32 லட்சம் டாலர். ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டு இதழ் 9.6 எண்ணுடன் 2021இல் 36 லட்சம் டாலர். இவை உண்மையான விலைகள்தாம். ஆனால் படிக்கிறவர் 36 லட்சத்தைத்தான் மனதில் வைக்கிறார், 9.6 கண்ணில் படுவதில்லை. அறுபது வருடம் ஆன, மட்டமான தாளில் அச்சடித்த புத்தகம் நேற்று வாங்கியதுபோல் இருந்ததற்குத்தான் அந்த விலை. அதே இதழின் கிழிந்த பிரதி அதில் மிகச் சிறு பங்குக்கே போகும்.

சென்னைக் காற்று காகிதத்துக்கு இரக்கம் காட்டுவதில்லை. இரு தரப்பையும் உட்காரவைத்து என் அலுவலகத்தில் பெட்டிகளைத் திறந்தோம். அந்துருண்டை நெடி அறை முழுக்கப் பரவியது. நடுவில் அடித்த கம்பிப்பின் பல புத்தகங்களில் துருப்பிடித்து, சுற்றிலும் காகிதம் பழுப்பேறியிருந்தது. சிலவற்றின் ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. மடிப்போரத்தில் வெள்ளைக் கீறல் இல்லாத பிரதி ஒன்றுகூட இல்லை. படிக்கப்பட்ட புத்தகங்கள் அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றையும் அனுப்பினால் புத்தகம் ஒன்றுக்குக் கட்டணம், போக வரச் செலவு, காப்பீடு என்று சேர்ந்து, பெரும்பாலானவற்றுக்குச் செலவே விலையைத் தாண்டிவிடும் என்பது அன்றே தெரிந்தது.

ஆனால் அனுப்பவே கூடாது என்ற என் கட்சிக்காரரின் நிலையையும் என்னால் ஏற்க முடியவில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து விலை பேச முடியுமானால் கிரேடிங் தேவையில்லை. கடல் தாண்டி இருக்கிறவர் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டியிருந்தால், இரண்டு பக்கமும் சாராத ஒருவர் எண்ணிப் பார்த்துச் சொன்ன சொல் அவருக்கு வேண்டும். அந்தச் சொல்லுக்குத்தான் கட்டணம். எங்கள் வழக்கில் அண்ணனும் தங்கையுமே அப்படி ஒருவரையொருவர் நம்பாத நிலையில் இருந்தார்கள். தங்கை எடுத்துக்கொள்கிற புத்தகம் பிறகு லட்சக்கணக்கில் விற்றுவிடுமோ என்பதுதான் அண்ணனுடைய உண்மையான பயம் என்று எனக்குப் பட்டது. அந்தப் பயம் தீராமல் எந்த டிக்ரி வந்தாலும் மேல்முறையீடு நிச்சயம்.

சட்டத்தில் இதற்கு ஒரு நெளிவு உண்டு. சந்தை மதிப்பை அறிய நீதிமன்றம் ஆணையரை அனுப்பலாம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9 அதற்கு இடம் தருகிறது. நிபுணர் கருத்தையும் ஏற்கலாம். அப்போது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நடப்பில் இருந்தது, இன்று பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவு. ஆனால் அயல்நாட்டு நிறுவனம் ஒட்டிய சீட்டு தானாகச் சாட்சி சொல்லாது. அந்த எண்ணைப் போட்டவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க முடியாது. எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டால் மட்டுமே அதை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே முதலில் வேண்டியது இருவருடைய கையெழுத்து. எண் எதுவாக வந்தாலும் கட்டுப்படுகிறோம் என்று புத்தகம் போவதற்கு முன்பே எழுதித் தர வேண்டும். வந்த பிறகு கேட்டால் யார் தருவார்கள்?

அதற்கு முன் எந்தப் புத்தகம் யாருடையது என்ற கேள்வி தீர வேண்டியிருந்தது. அதை அப்பாவே தீர்த்துவைத்திருந்தார். தான் வாங்கிய ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் துறைமுகத்தின் பெயரையும் தேதியையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தார். ஹூஸ்டன், பால்டிமோர், நியூயார்க். தங்கை சாட்சிக்கூண்டில் ஏறி அந்தக் கையெழுத்தை அடையாளம் காட்டினார். ஒருவருடைய எழுத்தோடு பழகியவர் அதை அடையாளம் சொல்வதை அதே சாட்சியச் சட்டத்தின் 47ஆம் பிரிவு ஏற்றது. குறுக்கு விசாரணையில் அண்ணனின் வழக்கறிஞர் அதை அசைக்க முயலவில்லை, அண்ணனுக்கும் அது அப்பாவின் கை என்று தெரியும். எழுத்து உள்ளவை அப்பாவின் சொத்து, இல்லாதவை மூர் மார்க்கெட்டில் அண்ணன் வாங்கியவை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

எங்களுக்கு உரிமையை நிரூபித்துக்கொடுத்த அந்தப் பேனா மை கிரேடிங்கில் ஒரு குறை. புத்தகத்தில் யாராவது எழுதியிருந்தால் எண் குறையும். இதைச் சொன்னபோது தங்கைக்குக் கோபம் வந்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எண் புத்தகத்தின் நிலையை மட்டும்தான் சொல்கிறது, அது வந்த வழியைச் சொல்வதில்லை. அப்பா எழுதிய வரிக்காகவே வைத்துக்கொள்ள நினைக்கிற புத்தகத்துக்கு எண் வாங்கி ஒரு பயனும் இல்லை. விற்கப்போகிற புத்தகத்துக்கு மட்டுமே கிரேடிங். இதை ஒப்புக்கொண்ட பிறகு பட்டியல் மளமளவென்று சுருங்கியது.

மிஞ்சியவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' 129, 1974 பிப்ரவரி இதழ். பனிஷர் முதன்முதலில் வருவது அதில். இன்னொன்று அதே ஆண்டு நவம்பரில் வந்த 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181. வுல்வரின் முழுமையாகத் தோன்றும் முதல் இதழ் என்பதால் சேகரிப்பவர்கள் இதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அண்ணன் இதை முதலில் எடுத்து மேசைமேல் தனியாக வைத்தார். அட்டை பளிச்சென்று இருந்தது.

நான் வாசகர் கடிதப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அந்த ஆண்டில் மார்வெல் நிறுவனம் தன் இதழ்களில் சிறு ஸ்டாம்ப் அச்சடித்தது, பிள்ளைகள் வெட்டி ஒட்டிச் சேர்ப்பதற்காக. மொத்தம் நூறு ஸ்டாம்ப். ஹல்க் 181இல் ஷானா என்ற காட்டுப்பெண்ணின் படம். அந்த இதழை வாங்குகிறவர் யாரானாலும் ஸ்டாம்ப் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். எங்கள் பிரதியில் அந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. தங்கை சிறிது நேரம் கழித்து, "நான்தான் வெட்டினேன். ஸ்கூல் நோட்டில் ஒட்டியிருக்கேன்" என்றார். அடுத்த வாய்தாவுக்கு அந்த நோட்டைக் கொண்டுவந்தார். ஷானா அதில் இருந்தாள்.

அதை எடுத்துப் பழையபடி ஒட்டிவிடலாமே என்று அண்ணன் கேட்டார். கூடாது என்று நானும் அவருடைய வழக்கறிஞரும் ஒரே குரலில் சொன்னோம். பசை போட்டால் பழுதுபார்த்த புத்தகமாகிவிடும், சோதனையில் தெரியாமலும் போகாது. அதைச் சொல்லாமல் விற்பது மோசடி. ஆனால் இந்தப் புத்தகத்தைத்தான் கண்டிப்பாக கிரேடிங்குக்கு அனுப்ப வேண்டும் என்பது என் கருத்தாக இருந்தது. பச்சைச் சீட்டு வரும், ஸ்டாம்ப் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். வாங்குகிறவர் தெரிந்தே வாங்குவார், பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் வர முடியாது. ஸ்டாம்ப் இல்லாவிட்டாலும் அந்த இதழுக்குக் கட்டணத்தைத் தாண்டிய விலை உண்டு. குறை உள்ள பொருளைக் குறையோடு விற்பவருக்கு அந்தச் சீட்டைப் போன்ற பாதுகாப்பு வேறில்லை.

புத்தகங்கள் அச்சாகி 75 ஆண்டு ஆகாததால், வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரவில்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் கையில் புத்தகங்களைக் கொடுத்தனுப்பலாம் என்று முடிவானது. தங்கை அதற்கு ஒரு நிபந்தனை போட்டார், சரியான நிபந்தனை. புறப்படும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, நோட்டில் இருந்த ஸ்டாம்ப்பின் படத்தையும் சேர்த்து ஜாயின்ட் மெமோவுடன் தாக்கல் செய்தோம்.

முத்து காமிக்ஸை என்ன செய்வது என்று மட்டும் பேச்சு நின்றது. தமிழ்ப் பழைய இதழ்களுக்கு இங்கே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், நல்ல விலையும் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் எடுத்து, பக்கம் முழுசாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள். அவர்களிடம் எண் போட்ட உறையைக் கொண்டுபோனால் உடைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் அவற்றை அனுப்பவில்லை, விற்கவும் இல்லை. மத்தியஸ்தர் முன்னிலையில் அண்ணனும் தங்கையும் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொன்றாக மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பிரதி இருந்த 'இரும்புக்கை மாயாவி'யில் அட்டை நன்றாக இருந்ததை அண்ணன் தங்கைப் பக்கம் தள்ளினார்.

அமெரிக்காவிலிருந்து எண்கள் வந்தபோது எல்லாமே அண்ணன் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருந்தன. ஹல்க் 181க்குப் பச்சைச் சீட்டு. கையெழுத்துப் போட்டிருந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஏலப் பணம் வந்தது, பாதி பாதியாகப் பிரிந்தது. கட்டளை 23, விதி 3இன் கீழ் ராஜி பதிவாகி டிக்ரி ஆனது. மத்தியஸ்தத்தில் முடிந்த வழக்கு என்பதால் நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைத்தது. ஸ்டாம்ப் ஒட்டிய பள்ளி நோட்டும் அப்பாவின் சொத்தில் சேருமா என்று அண்ணனின் வழக்கறிஞர் இறுதி வாய்தாவில் கேட்டார். வேண்டாம், அது அவளுடையது என்று அண்ணன் சொல்லிவிட்டதால் அதை எந்த ஷெட்யூலிலும் சேர்க்கவில்லை.