பரிசில்லாத தூண்டில் போட்டி

யேர்மனிக்கு வந்து சேரும் எம்மவர்க்கு முதலிற் பழக்கமாவன குளிரும் கடதாசிகளும்தான். அதற்கு அடுத்ததாக எமது கண்ணிற் பட்டது தண்ணீர். கால்வாய்க் கரை, ஆற்றங்கரை, குளத்தங்கரை என எங்கு பார்த்தாலும் மடக்குக் கதிரையில் இருந்தபடி தூண்டில் போடுவோர். ஊரில் பண்ணைக் கடலிலோ தொண்டைமானாற்றிலோ ஒரு முழத் தங்கூசியும் ஒரு துண்டு இறாலும் இருந்தாற் போதும், மாலைக் கறிக்கு வழி பிறந்துவிடும். அந்த நினைவோடு இங்கு தண்ணீரைப் பார்க்கும் எவருக்கும் கை துறுதுறுக்கும்.

ஆனால் இங்கு ஒவ்வொரு நீர்நிலையிலும் மீன்பிடிக்கும் உரிமை யாரோ ஒருவருக்கு உண்டு. சங்கமாகவோ, நகரசபையாகவோ, தனியாராகவோ இருக்கலாம். தூண்டில் போட இரண்டு பத்திரங்கள் வேண்டும். ஒன்று, பரீட்சை எழுதிப் பெறும் அரச அனுமதிப் பத்திரம். இதனைப் 'பிஷரைஷைன்' என்பர். மற்றது, அந்தந்த நீர்நிலைக்குரிய அனுமதிச் சீட்டு. பிறருக்கு உரித்தான நீரில் அனுமதியின்றி மீன் பிடிப்பது யேர்மன் குற்றவியற் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி குற்றம். தண்டப்பணமோ, இரண்டு வருடம் வரையான சிறையோ கிடைக்கலாம். வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கும் குடும்பமொன்று நாலு மீனுக்காகப் பொலிஸ் பதிவைத் தேடிக்கொள்ளக் கூடாது. புதிதாக வந்தோர் இதனை முதலில் மனதிற் பதித்துக் கொள்ளுங்கள்.

நாம் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாரிகாலம் முழுவதும் பரீட்சைக்குப் படித்தோம். நாம் வாழும் நோட்ரைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் ஆறு பாடப் பிரிவுகளில் 60 கேள்விகள். 45க்குச் சரியான விடை வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது ஆறு சரியாக இருக்க வேண்டும். அதன்பின் படத்தைப் பார்த்து மீனின் பெயர் சொல்ல வேண்டும், குறிப்பிட்ட மீனுக்கேற்ற தூண்டிலைப் பூட்டிக் காட்டவும் வேண்டும். செவுள், செதில், சினை எல்லாவற்றுக்கும் யேர்மன் சொல் தேடியதில் எமது மொழியறிவும் ஒரு படி ஏறியது. பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள்.

எம்மோடு படித்தவர்களில் மயிலிட்டியைச் சேர்ந்த பெரியவர் ஒருவரும் இருந்தார். 1990இல் ஊரைவிட்டு எழும்பியவர். அந்தத் துறைமுகம் 2017இல்தான் மக்களிடம் திரும்பியது. "நாற்பது வரியம் கடலில நிண்டவனுக்கு மீன் பிடிக்கச் சோதினையோ தம்பி?" என்று கேட்டார். கேட்டாலும் படித்தார். தூண்டில் பூட்டும் பரீட்சையில் மற்றவர்கள் முடிச்சைத் தேடிக்கொண்டிருக்க, அவர் வேலையை முடித்துவிட்டுக் கை கட்டி நின்றார்.

பத்திரம் கிடைத்ததும் ஊர்ச் சங்கத்திற் சேர்ந்தோம். வசந்த காலத்தில் எல்லோரும் கூடித் தூண்டில் போடும் நாள் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. எமது பையன்கள் துள்ளிக் குதித்தார்கள். லண்டனில் உள்ள அவர்களது மச்சான்மார் போட்டிகளுக்குப் போகிறவர்கள். அங்கு சில மணி நேரத்திற் பிடித்த மீன்களை நிறுத்துப் பார்த்து, பரிசு கொடுத்து, மீனை உயிரோடு தண்ணீரில் விட்டுவிடுவார்கள். ஆகவே முதற் பரிசு என்ன என்று சங்கச் செயலாளரிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு விளக்கம் சொன்னார்.

1972ஆம் ஆண்டின் மிருகப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி எந்த உயிரினத்துக்கும் நோவோ துன்பமோ கேடோ செய்யலாகாது என்கிறது. உண்பதற்காகப் பிடிப்பது நியாயமான காரணம். வெற்றிக் கிண்ணத்துக்காகப் பிடிப்பது அப்படியல்ல. 1980களின் இறுதியில் நீதிமன்றங்களும் இவ்வாறு தீர்ப்புச் சொல்லத் தொடங்கின. பரிசுக்காக நடத்தும் மீன்பிடிப் போட்டிகள் பொதுநலச் சங்கத்துக்கு ஒவ்வாதவை என 1991இல் நிதி அமைச்சும் அறிவித்தது. வரிச்சலுகை போய்விடுமென்றால் எந்தச் சங்கம் துணியும்? இப்போது நடப்பது 'ஹேகபிஷன்'. அதாவது ஒரு நீரில் ஒருவகை மீன் மிகுந்துவிட்டால், சமநிலைக்காகப் பலர் கூடி அதனைக் குறைப்பது. பிடித்த மீன் வீணாகக் கூடாது. பெரிய மீனோடு படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவதும் வழக்குக்கு இடமளிக்கலாம். உயிருள்ள மீனை இரையாகக் கொழுவுவதற்கும் தடை.

அன்று விடியற் காலையில் சீட்டிழுத்து இடம் பிரித்தார்கள். நாலு மணி நேரம். றோட் அவுக, பிறாசன் எனும் வெள்ளை மீன்களே இலக்கு. அகப்பட்ட மீனைத் தலையில் அடித்து மயக்கி, உடனே இரத்தம் வடியக் குத்த வேண்டும். துடிக்க விடுதல் கூடாது. முடிவில் எல்லோருடைய மீனையும் ஒரே தராசில் நிறுத்தார்கள். அது பதிவுப் புத்தகத்துக்காக மட்டுமே.

பிறாசன் முள் நிறைந்த மீன். யேர்மனியர் பலர் அதை விரும்பவில்லை. வாளி வாளியாக எமக்கே தந்துவிட்டார்கள். நாம் நெருக்கமாகக் கீறி, தூளும் உப்பும் மஞ்சளும் பிரட்டி, முள் முறுகும்வரை பொரித்தெடுத்தோம். மறு ஆண்டு அதே பொரியலைக் கரைக்குக் கொண்டுபோனபோது, சங்கத்தார் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள்.

போட்டிதான் வேண்டும் என்ற பிள்ளைகளுக்கும் வழியுண்டு. மீனே இல்லாத 'காஸ்டிங்' எனும் விளையாட்டில், தூண்டில் நூலில் 7.5 கிராம் நிறை கட்டிப் புல்வெளியில் விரித்த இலக்கை நோக்கி எறிவார்கள். அதற்குக் கிண்ணமும் பதக்கமும் தாராளம். எம் பெண்பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த கிண்ணம் எமது வரவேற்பறையில் இருக்கிறது.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். நாம் தூண்டிலோடு போவதைக் கண்ட எம்மவர் சிலர், "நீங்களும் கரைக்கு இறங்கீட்டியளோ?" என்று கேட்டார்கள். அந்தச் சிரிப்பின் பொருள் எமக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊரில் மீனை விரும்பி உண்டோம்; பிடித்தவரை முற்றத்தோடு நிறுத்தினோம். இங்கு எமது சங்கத்தில் வைத்தியரும் பஸ் சாரதியும் வங்கி அலுவலரும் ஒரே கரையில் இருந்து, ஒரே தராசில் மீனை நிறுக்கிறார்கள். புதிதாகச் சேர்பவருக்கு முடிச்சுப் போடப் பழக்குபவர் எமது மயிலிட்டிப் பெரியவர். அவரைச் சுற்றி நின்று அந்நியர்கள் மரியாதையோடு கற்கும்போது, ஊரில் எத்தனை பேருக்கு அந்த மரியாதையை நாம் கொடுக்கத் தவறினோம் என்ற கேள்வி எழாமல் இல்லை. போரும் கடலும் தாண்டி வந்த நாம், சாதியையும் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வரவேண்டியதில்லை.

விரும்புவோர் நகரசபையிலோ அருகிலுள்ள மீன்பிடிச் சங்கத்திலோ விசாரியுங்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சிறுவருக்குத் தனியான அனுமதிப் பத்திரம் உண்டு. பத்திரமுள்ள பெரியவர் ஒருவருடன் பிள்ளைகளை அனுப்பலாம். பத்திரம் கைக்கு வருமுன் தூண்டிலை மட்டும் நனைக்க வேண்டாம்.